அலமாரியின் மூலையில் எட்டாத திருகாணிகளை மரம் கெடாமல் கழற்றுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மர அலமாரி ஒன்றின் உள்மூலையில், பக்கப்பலகைக்கும் நடுத்தடுப்புக்கும் இடையே நான்கு விரல் நுழையும் அளவுக்கே இடமிருக்கிறது, அங்குள்ள ஆறு திருகாணிகளைக் கழற்ற வேண்டும், திருப்புளி நேராக நிற்க மறுக்கிறது, சாய்த்து வைத்துத் திருகியதில் இரண்டின் தலை தேய்ந்துவிட்டது, டிரில்லிங் மெஷினை உள்ளே நுழைக்க முயன்றபோது அதன் உடம்பு உரசிப் பலகையின் பூச்சில் கீறலும் விழுந்துவிட்டது. பலகைகளை மறுபடியும் பயன்படுத்த விரும்புவதால் இனிமேல் சேதம் கூடாது என்கிறீர்கள்.

முதலில் அந்த மெஷினைக் கீழே வைத்துவிடுங்கள். பிறகு திருகாணியை மறந்துவிட்டு, அந்த அலமாரியைச் செய்தவர் எந்த வரிசையில் செய்திருப்பார் என்று சற்று நேரம் யோசியுங்கள். திருகாணியை முடுக்கியவரிடமும் உங்களிடம் இருப்பதைப் போன்ற கைதான் இருந்தது. ஆனால் அவர் முடுக்கிய நேரத்தில் அந்த இடம் திறந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் பொருத்திய ஏதோ ஒன்றுதான் இப்போது உங்கள் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடித்து அதை முதலில் எடுத்துவிட்டால், எட்டாத திருகாணி என்று நாம் நினைப்பவற்றில் பெரும்பாலானவை சாதாரணத் திருப்புளிக்கே எட்டிவிடும். வளைந்த கருவிகளும், திருப்புளிப் பிடியில் மாற்றிச் செருகும் நுனிகளான விசேஷப் பிட்டுகளும் அந்தத் தேடல் தோற்ற பிறகு வர வேண்டியவை.

இதை நான் ஒரு பழைய எழுதுமேசையில்தான் கற்றுக்கொண்டேன். இழுப்பறைச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த மூன்று திருகாணிகளோடு ஒரு மதியம் முழுவதும் மல்லுக்கட்டி, விரல் முட்டிகளைத் தேய்த்துக்கொண்டு, ஒன்றை மட்டும் எடுத்திருந்தேன். சலித்துப்போய் மேசையைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான், மேற்பலகை வெறும் நான்கு திருகாணிகளில் கீழிருந்து பிடிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அவற்றைக் கழற்றிப் பலகையைத் தூக்கியதும் மற்ற இரண்டும் கைக்கு நேராக மேலே பார்த்துக்கொண்டு நின்றன.

அலமாரியில் வழியை அடைப்பவை பெரும்பாலும் கதவு, இழுப்பறை, முதுகுப்பலகை, நகரும் தட்டு என்ற நான்கில் ஒன்றாகவே இருக்கும். கதவைக் கழற்றக் கீலின் திருகாணிகளைத் தொட வேண்டிய தேவையே பல நேரங்களில் இல்லை. கதவில் 35 மி.மீ. வட்டக் குழியில் அமரும் கிண்ணக்கீல்கள் பலவற்றில், பக்கப்பலகையை ஒட்டிய கீலின் உலோகக் கையின் பின்நுனியில் ஒரு சிறிய நாக்கு இருக்கும். அதை விரலால் அழுத்தினால் கை தன் அடித்தட்டிலிருந்து விடுபட்டுக் கதவு தனியாக வந்துவிடும். நாக்கு இல்லாத பழைய வகையில், பின்புறத் திருகாணியைச் சற்றுத் தளர்த்திவிட்டுக் கையை முன்பக்கமாக இழுத்தால் போதும். அடித்தட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகள் கையின் நிழலில் ஒளிந்திருப்பதால் எட்டாதவை போலத் தோன்றும். கதவு போனதும் அவை வெளிச்சத்துக்கு வந்துவிடும். கதவைக் கழற்றும்போது கீழ்க்கீலை முதலிலும் மேற்கீலைக் கடைசியிலும் விடுவியுங்கள். இல்லையென்றால் கதவின் எடை முழுவதும் கீழ்க்கீலில் தொங்கித் துகள்பலகையை (மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை) பிய்த்துவிடும்.

இழுப்பறைகளில் குண்டுமணி உருளும் உலோகச் சேனல் இருந்தால், இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்த நிலையில் இரு பக்கமும் ஒரு கறுப்பு நெம்புகோல் தென்படும். பல சேனல்களில் ஒருபக்கத்து நெம்புகோலை மேலேயும் மறுபக்கத்ததைக் கீழேயும் தள்ள வேண்டியிருக்கும்; இரண்டையும் ஒரே திசையில் தள்ளிவிட்டு, வரவில்லையே என்று பலத்தைக் காட்டுபவர்கள் ஏராளம். அடியில் மறைந்திருக்கும் சேனலாக இருந்தால், முன்முகப்பின் உள்பக்கத்தில் இரு மூலைகளிலும் உள்ள பிடிகளை அழுத்த வேண்டும். சேனலைப் பக்கப்பலகையோடு பிடித்திருக்கும் பின்திருகாணி தெரியவில்லை என்றால் அது இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நடு உறுப்பில் இதற்கென்றே துளைகள் விடப்பட்டிருக்கும். அந்த உறுப்பை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் துளையும் திருகாணித் தலையும் ஒரே நேர்க்கோட்டில் வரும்.

முதுகுப்பலகையைப் பலர் கவனிப்பதில்லை. அது மெல்லிய பலகை. சிறு ஆணிகளிலோ, பள்ளத்தில் செருகியோ நிற்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தி அதை எடுத்துவிட்டால், முன்பக்கம் வழியாக நுழைய முடியாத மூலைக்குப் பின்பக்கம் வழியாக நேராகப் போய்விடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பெட்டி கோணாமல் சதுரமாக நிற்பதற்கு அந்த மெல்லிய பலகையே காரணம். அதை எடுத்த பிறகு அலமாரியை நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் மூட்டுகள் ஆடிவிடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. நீங்கள் திருகிக்கொண்டிருப்பது உண்மையிலேயே திருகாணிதானா? பெட்டியில் அடைத்து வந்து வீட்டில் பொருத்தப்படும் அலமாரிகளில், சுமார் 15 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகடு ஒன்று பலகையின் முகத்தோடு முகமாகப் பதிந்திருக்கும். அதன் நடுவில் கூட்டல் குறி போன்ற வெட்டு இருப்பதால் திருகாணித் தலை என்றே தோன்றும். அது ஒரு பூட்டு. பக்கத்துப் பலகையிலிருந்து வரும் கம்பியின் தலையைக் கவ்விப் பிடிப்பதே அதன் வேலை. இடஞ்சுழியாக அரைச் சுற்றுத் திருப்பினால் கவ்வல் விடும். அதற்கு மேல் எவ்வளவு திருப்பினாலும் அது வெளியே வராது, துகள்பலகைதான் நொறுங்கும். அதேபோல் ஆறுபட்டைக் குழியுள்ள பருத்த தலையை நெகிழித் தொப்பியின் அடியில் கண்டால், அது பெரும்பாலும் 7 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் உள்ள இணைப்புத் திருகாணியாக இருக்கும், 4 மி.மீ. ஆலன் சாவி (L வடிவ ஆறுபட்டைக் கம்பி) அதற்குப் பொருந்தும். நுனி உருண்டையாகச் செய்த ஆலன் சாவி என்றால் 25 பாகை வரை சாய்த்துப் பிடித்தும் திருகலாம். ஆனால் முதல் இளக்கத்துக்கு உருண்டை நுனியைப் பயன்படுத்தாதீர்கள். அதன் கழுத்து மெல்லியது, முறிந்து குழிக்குள்ளேயே தங்கிவிடும்.

நல்ல மரவேலையில் திருகாணித் தலைக்கு மேல் மரமுளை அடித்து இழைத்திருப்பார்கள். அந்த முளையை உளியால் கொத்தி எடுத்தால் துளையின் விளிம்பு சிதையும். அதற்குப் பதிலாக முளையின் நடுவில் 2 மி.மீ. துளை ஒன்றைத் திருகாணித் தலையைத் தொடும்வரை இட்டு, அதில் ஒரு சிறிய மரத்திருகாணியை முடுக்குங்கள். அதன் நுனி கீழே உள்ள தலையில் முட்டி நின்றதும், மேலும் திருகத் திருக முளை தானாகவே அந்த மரையில் ஏறி மேலே வரும். முளை எந்தப் பசையில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில முளைகள் பிளந்து துண்டாகவும் வரலாம். விளிம்பு மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் இடம் கிடைக்கவில்லை என்றால், அடுத்ததாகத் தலையைச் சரியாகப் பார்க்க வேண்டும். கையை நுழைத்துத் தடவிப் பார்ப்பது பார்ப்பதாகாது. கைப்பேசியை உள்ளே நீட்டி வெளிச்சத்தோடு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நாம் பொதுவாக ஸ்டார் என்று சொல்லிவிடும் கூட்டல் வெட்டில் இரண்டு வகைகள் உண்டு. 1930களில் அமெரிக்காவில் வந்த பிலிப்ஸ் ஒன்று. அதன் குழி உள்ளே போகப்போகச் சரிந்து குறுகும். 1960களில் பிரிட்டனில் வந்த போசிடிரைவ் மற்றொன்று. அதன் குழிச்சுவர்கள் ஏறத்தாழ நேராக இறங்கும், கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே மூலைவிட்டமாக நான்கு மெல்லிய கோடுகளும் தலையில் தெரியும். கிண்ணக்கீல், சேனல் போன்ற அலமாரிப் பொருத்துறுப்புகளில் இந்த இரண்டாவது வகை மிகுதி. போசிடிரைவ் தலையில் பிலிப்ஸ் பிட் நுழைந்துவிடும், ஆனால் உட்காராது. பலத்தைக் கொடுத்ததும் மேலே ஏறி வழுக்கும். உங்கள் இரண்டு தலைகளும் தேய்ந்ததற்குச் சாய்வு பாதிக் காரணம் என்றால், இது மறுபாதியாக இருக்கலாம் என்பது என் ஊகம். பிலிப்ஸின் 2ஆம் எண் பிட் ஒன்றையும் போசிடிரைவின் 2ஆம் எண் பிட் ஒன்றையும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். எது ஆடாமல் கவ்வி நிற்கிறதோ அதுவே உரியது. இடம் அனுமதித்தால், பிட்டைத் தலையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாலும் அது விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

வெட்டுக்குள் பெயின்ட், வார்னிஷ், மெழுகு எது இருந்தாலும் பிட் அடிவரை இறங்காது. ஊசி முனையாலோ உடைந்த ரம்பத் தகட்டின் நுனியாலோ அதைச் சுரண்டி எடுத்த பிறகே திருப்புளியைத் தொடுங்கள். தலையைச் சுற்றிலும் பூச்சு ஏறியிருந்தால், கூரான கத்தி முனையால் தலையின் விளிம்பை ஒட்டி ஒரு வட்டம் கீறுங்கள். இல்லாவிட்டால் திருகாணி எழும்பும்போது சுற்றியுள்ள பெயின்ட்டைச் செதிலாகப் பெயர்த்துக்கொண்டு வரும். மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தூள் பறக்காதபடி சற்று ஈரப்படுத்திச் சுரண்டுவது நல்லது.

இனி அளவு. திருகாணித் தலையிலிருந்து எதிர்ப்பலகை வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து திருகாணியின் நீளத்தைக் கழிக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். திருகாணி வெளியே வர வர இடைவெளி குறைந்துகொண்டே போகும். 70 மி.மீ. இடைவெளியில் 40 மி.மீ. உயரமுள்ள ராட்செட்டை (கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தாலே ஒரு திசையில் மட்டும் திருகும் கருவி) நுழைத்து 50 மி.மீ. திருகாணியைக் கழற்றத் தொடங்கினால், 30 மி.மீ. வெளியே வந்ததும் ராட்செட்டின் முதுகு எதிர்ப்பலகையில் முட்டும். அங்கிருந்து ஒவ்வொரு சொடுக்கும் ராட்செட்டைப் பலகைக்குள் அழுத்தும். கருவியை வெளியே எடுக்கவும் முடியாது, ஏனென்றால் பிட் தலைக்குள் சிக்கியிருக்கும். இப்படி எதிர்ப்பலகையில் அரைவட்டத் தழும்பு விழுந்த அலமாரிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே ராட்செட்டை இளக்குவதற்கு மட்டும் பயன்படுத்தி, சில சுற்றுகளில் எடுத்துவிட்டு, மிச்சத்தை வெறும் பிட்டை விரல்களால் பிடித்தே திருகிவிடுங்கள். இளகிய திருகாணிக்கு விரல் பலமே போதும். திருகாணியின் நீளமே இடைவெளியைவிட அதிகமாக இருந்தால், அது எந்தப் பலகையைப் பிடித்திருக்கிறதோ அந்தப் பலகையையும் சேர்த்தே சிறிது சிறிதாக நகர்த்தி வர வேண்டும். எல்லாத் திருகாணிகளையும் இரண்டிரண்டு சுற்றாகத் தளர்த்திப் பலகையை ஒட்டுமொத்தமாக விலக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் குட்டைத் திருப்புளியே போதும். அதன் தடித்த பிடி நல்ல பலமும் தரும். அதற்குக் கீழே 4 செ.மீ. வரை, 25 மி.மீ. பிட்டைச் செருகும் சிறிய ராட்செட்டுக்குரிய இடம். ராட்செட் வாங்கும்போது பல்லின் எண்ணிக்கையைப் பாருங்கள். 24 பல் உள்ளதற்கு ஒவ்வொரு சொடுக்குக்கும் கைப்பிடி 15 பாகை நகர வேண்டும்; 72 பல் உள்ளதற்கு 5 பாகை போதும். மூலையில் கைப்பிடி இரு பக்கமும் சுவரில் முட்டும்போது இந்த வேறுபாடுதான் வேலை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும். 4 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால், இரு நுனியும் எதிரெதிர்த் திசையில் செங்கோணமாக மடங்கிய திருப்புளி தேவைப்படும். ஒற்றைக்கோட்டுத் தலைகளுக்கான இந்தத் திருப்புளியின் இரு அலகுகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக வெட்டப்பட்டிருக்கும். ஒரு நுனியால் திருப்ப முடிந்த மட்டும் திருப்பிவிட்டு, கருவியைப் புரட்டி மறுநுனியால் தொடர வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் நம்பகமானது. வளையும் தண்டு கொண்ட நீட்டிப்பைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்: தண்டு முறுக்கிக்கொண்டு பலத்தை விழுங்கிவிடும், பிறகு திடீரென்று விடுபட்டுப் பிட்டைத் தலையிலிருந்து துள்ளவைக்கும். ஏற்கெனவே இளகிய திருகாணியை வெளியே கொண்டுவருவதற்கு மட்டுமே அது ஆகும். மெஷினில் பொருத்தும் செங்கோணத் தலையும் அப்படித்தான்.

ராட்செட்டிலும் மடங்கிய திருப்புளியிலும் பொதுவான ஒரு குறை உண்டு. அவை திருப்பும் பலத்தைத் தாராளமாகத் தரும். அழுத்தும் பலத்தைத் தராது. பிட் தலையை விட்டு ஏறாமல் இருப்பதற்குத் திருப்புவதைவிட அழுத்துவதே முக்கியம் என்பதால், அந்த அழுத்தத்தை வேறு எங்கிருந்தாவது வரவழைத்தாக வேண்டும். உங்களுடையதைப் போன்ற குறுகிய இடத்தில் எதிர்ப்பலகையே அதற்கு உதவும். எதிர்ப்பலகையின் மேல் ஒரு பிளைவுட் துண்டைச் சாத்தி, அதற்கும் ராட்செட்டின் முதுகுக்கும் இடையே இரண்டு மர ஆப்புகளை எதிரெதிராகச் செருகிக் கையால் இறுக்கினால், பிட் தலைக்குள் அழுந்தி உட்காரும். பிளைவுட் துண்டு உள்ளங்கை அளவாவது இருக்கட்டும், அழுத்தம் ஒரே புள்ளியில் விழாமல் பரவ வேண்டும். எதிர்ப்பலகை வளைவது கண்ணுக்குத் தெரிந்தால் அதற்கு மேல் இறுக்காதீர்கள். கால் சுற்று இளகியதும் ஆப்பை எடுத்துவிட வேண்டும்.

மாஸ்கிங் டேப் ஒட்டினால் பலகைக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது பாதிதான் சரி. டேப் கீறலைத் தடுக்கும். பிட் வழுக்கி விழும்போது உண்டாகும் குழிவைத் தடுக்காது. காலாவதியான நெகிழி அட்டை ஒன்றில் திருகாணித் தலை மட்டும் நுழையும் அளவுக்குத் துளையிட்டு அதைத் தலையைச் சுற்றிப் பொருத்துங்கள். வழுக்கும் பிட்டை அது தாங்கிக்கொள்ளும், நெம்ப வேண்டியிருந்தாலும் அடியில் இருக்கும். பழைய அரக்குப் பூச்சின் மேல் டேப்பை இரவு முழுவதும் விட்டுவைத்தால், உரிக்கும்போது பூச்சும் கூடவே வரும். வேலை முடிந்த உடனே, மேலே தூக்காமல், பலகையோடு படுக்கவைத்து மெல்ல உரியுங்கள்.

திசை எளிதான விஷயம்தான், ஆனால் தலைகீழாகக் கையை வளைத்து மூலைக்குள் வேலை செய்யும்போது இடம் வலம் குழம்பும். வலக்கைக் கட்டைவிரலைத் திருகாணி எந்தப் பக்கம் வெளியே வர வேண்டுமோ அந்தப் பக்கம் நீட்டுங்கள். மற்ற விரல்கள் எந்தப் பக்கம் மடங்குகின்றனவோ அதுவே திருப்ப வேண்டிய திசை. எந்தக் கோணத்தில் படுத்திருந்தாலும் இது மாறாது.

இளகாத திருகாணியை முதலில் முடுக்கும் பக்கமாக இம்மியளவு திருப்பிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். மரைக்கும் மரத்துக்கும் இடையே துருவோ பசையோ பிடித்திருந்தால் அந்தச் சிறு அசைவில் பிடி விடும். அதற்கும் மசியாவிட்டால் வெப்பம் கைகொடுக்கும். சால்டரிங் அயர்னின் நுனியைத் தலையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, ஆறவிட்டுப் பிறகு திருகினால், உலோகம் விரிந்து சுருங்கியதில் துருவின் பிடி உடைந்திருக்கும். பசையோ பெயின்ட்டோ பிடித்திருந்தால் முழுவதும் ஆறும்முன், வெதுவெதுப்பாக இருக்கும்போதே திருகுவது நல்லது. நுனி பலகையைத் தொடக் கூடாது. அரக்குப் பூச்சு 80 பாகை செல்சியஸுக்கும் குறைவான வெப்பத்திலேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே தலையைச் சுற்றி ஈரத்துணியை மடித்து வைத்துக்கொள்வது உதவும். துரு நீக்கும் எண்ணெயை இரும்பு வேலையில் ஊற்றுவது போல இங்கே ஊற்றாதீர்கள். அது மரத்தில் ஊறிக் கறையாகும். பிறகு அந்த இடத்தில் பசையும் பிடிக்காது, பூச்சும் நிற்காது. தவிர்க்க முடியாவிட்டால் பல்குச்சி நுனியில் ஒரு துளி எடுத்துத் தலையின் விளிம்பில் வையுங்கள். எண்ணெய் இட்ட திருகாணியில் அதற்குப் பிறகு சூடு வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

பித்தளைத் திருகாணியானால் எல்லாவற்றையும் பாதி பலத்தோடு செய்யுங்கள். பித்தளை மென்மையானது, இறுகிய மரத்தில் அது இளகுவதற்கு முன்பே கழுத்தில் முறியும். ஓக் போன்ற, டேனின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தில் இரும்புத் திருகாணி இருந்தால் சுற்றிலும் கருநீலக் கறை படிந்திருக்கும்; அந்தக் கறையைப் பார்த்தால் உள்ளே திருகாணி அரித்து மெலிந்திருக்கும் என்று எதிர்பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

தேய்ந்த உங்கள் இரண்டு தலைகளுக்கு வருகிறேன். பலரும் முதலில் சொல்வது ரப்பர் பேண்டைத் தலைக்கும் பிட்டுக்கும் நடுவே வைக்கும் யோசனையை. லேசாகத் தேய்ந்த, லேசாக இறுகிய திருகாணிக்கு அது ஆகலாம்; உண்மையில் இறுகிய ஒன்றில் ரப்பர் நார்நாராகக் கிழிந்து குழியை அடைத்துக்கொள்வதையே நான் கண்டிருக்கிறேன். அதைவிட இயந்திர வால்வுகளைத் தேய்க்கப் பயன்படும் சொரசொரப்பான பசையைப் பிட்டின் நுனியில் ஒரு சிட்டிகை தடவிப் பார்க்கலாம். துகள்கள் இரு உலோகத்துக்கும் நடுவே கடித்து நிற்கும். மேலே சொன்ன ஆப்பின் அழுத்தமும், சரியான வகைப் பிட்டும், இந்தப் பசையும் சேர்ந்தால் பாதிக்குமேல் தேய்ந்த தலைகூட வந்துவிட வாய்ப்புண்டு.

வராவிட்டால் தலை பலகைக்கு மேலே சற்றேனும் துருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் துருத்தியிருந்தாலும், பூட்டிக்கொள்ளும் குறடால் விளிம்பைக் கவ்வித் திருப்பலாம். குறடின் அடியில் நெகிழி அட்டை இருக்கட்டும். தலை பதிந்திருந்தால், குழியைவிட ஓர் அளவு பெரிய, டார்க்ஸ் எனப்படும் ஆறுமுனை நட்சத்திரப் பிட்டைக் குழிக்குள் இறுக்கி ஏற்றலாம். வழக்கமாக அதைச் சுத்தியலால் தட்டித்தான் ஏற்றுவார்கள். உங்கள் மூலையில் சுத்தியல் வீச இடமில்லை, துகள்பலகையில் அந்த அடி திருகாணியின் பிடியையே நொறுக்கிவிடவும் கூடும். ஒரு சிறிய திருகுப்பிடியால், அதாவது கிளாம்பால், மெல்ல அழுத்தி ஏற்றுவதே மேல். சுழல்வட்டால் தலையில் புதுக் கோடு வெட்டுவது திறந்த இடத்தில் நல்ல உபாயம். குறுகிய மூலையில் வட்டு பக்கத்து மரத்தையும் சேர்த்தே வெட்டும், பொறி பட்டுப் பூச்சும் கருகும். நான் அதைச் செய்யமாட்டேன்.

தேய்ந்த திருகாணியை எடுப்பதற்கென்றே விற்கப்படும், இடஞ்சுழி மரை கொண்ட கூம்புக் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தடித்த திருகாணிக்கு அவை நல்லவை. 4 மி.மீ.க்குக் குறைந்த மரத்திருகாணியில் அவற்றின் நுனி மிக மெல்லியதாகிவிடும். கடினப்படுத்திய எஃகு என்பதால் வளையாமல் ஒடியும். ஒடிந்த துண்டு உள்ளே தங்கிவிட்டால் சாதாரணத் துளைப்பிட் எதுவும் அதைத் துளைக்காது. உங்கள் நிலைமை இப்போது இருப்பதைவிட மோசமாகிவிடும்.

எல்லாம் தோற்றால் தலையை மட்டும் துளைத்து அகற்றுவதே நேர்மையான வழி. 4 மி.மீ. திருகாணி என்றால் 3 மி.மீ. துளைப்பிட்டை மெஷினின் செங்கோணத் தலையில் பொருத்தி, குழியின் நடுவில் வைத்து, மெதுவான வேகத்தில் துளையுங்கள். கழுத்தின் அளவு வந்ததும் தலை மோதிரம் போலக் கழன்றுவிடும்; பிடித்திருந்த பலகையை எஞ்சிய தண்டின் மேலேயே உருவி எடுத்துவிடலாம். பலகை போனதும் மிச்சமுள்ள தண்டு சில மில்லிமீட்டராவது வெளியே நிற்கும். இப்போது இடமும் இருக்கும், குறடால் பிடித்துத் திருகினால் வந்துவிடும். உலோகத் துகள்களை உடனே காந்தத்தால் எடுத்துவிடுங்கள், ஈரம் பட்டால் மரத்தில் கறும்புள்ளிகள் விழும். தண்டு மரத்துக்குள்ளேயே முறிந்து போயிருந்தால், அந்த இடம் மறுபடி தேவைப்படாதவரை அதை அங்கேயே விட்டுவிடுங்கள். தோண்டி எடுப்பது உண்டாக்கும் குழியைவிட, உள்ளே தூங்கும் ஓர் இரும்புத் துண்டு எவ்வளவோ தேவலை.

சில திருகாணிகள் இறுகியிருக்காது. நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். மரத்தில் மரையின் பிடி தேய்ந்துவிட்டது என்பதே அதற்குப் பொருள். திருகும்போதே வெளிப்பக்க இழுவை இருந்தால்தான் அது வரும். பட்டி பூசும் மெல்லிய தகட்டைத் தலையின் அடியில் செருகி, நெகிழி அட்டையின் மேல் ஊன்றி லேசாக உயர்த்தியபடி திருகுங்கள். அல்லது பலகையையே ஒருவர் சற்று விலக்கிப் பிடித்திருக்க, மற்றவர் திருகலாம்.

கழற்றும் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆறில் ஐந்தை முழுவதும் எடுத்துவிட்டு ஆறாவதுக்கு வந்தால், பலகையின் எடை முழுவதும் அந்த ஒன்றில் தொங்கி அதை வளைத்து இறுக்கும். எளிதாக வந்திருக்க வேண்டிய திருகாணி அப்போது எட்டாததோடு இளகாததாகவும் ஆகிவிடும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் ஒரு சுற்று மட்டும் இளக்கிவிட்டு, பலகைக்கு அடியில் முட்டுக் கொடுத்த பிறகே ஒவ்வொன்றாக எடுங்கள். சுவரில் தொங்கும் அலமாரியானால் முட்டு மட்டும் போதாது, ஓர் ஆளும் வேண்டும். கீழ்த்திருகாணிகளை முதலிலும் மேலுள்ளவற்றைக் கடைசியிலும் எடுக்க வேண்டும். கழன்ற திருகாணி இடுக்கில் விழாமல் இருக்கக் காந்தப் பிட் உதவும். பித்தளையையும் பெரும்பாலான துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையும் காந்தம் பிடிக்காது என்பதால், அவற்றுக்குப் பிட்டின் நுனியில் சிறிது தேன்மெழுகு வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பிப் பூட்டும்போது தேய்ந்த இரண்டுக்கும் அதே தடிமனும் அதே நீளமும் உள்ள புதியவற்றை வாங்குங்கள். நீளம் கூடினால் மறுபக்கம் துளைத்துக்கொண்டு வரும். ஆறுமுனை நட்சத்திரக் குழி உள்ளதாகக் கிடைத்தால் அதையே எடுங்கள், அதில் பிட் ஏறி வழுக்குவது மிக அரிது. துளையில் வைத்ததும் முதலில் இடஞ்சுழியாக மெல்லச் சுற்றுங்கள். பழைய மரையின் வாயில் திருகாணி டக்கென்று இறங்குவதைக் கை உணரும். அந்த இடத்திலிருந்து முடுக்கினால் மரத்தில் புது மரை வெட்டாது, பிடியும் குறையாது. மரையில் மெழுகு தடவலாம். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். பிடி தேய்ந்த துளையை 8 மி.மீ. அளவுக்கு அகலப்படுத்தி, அதே அளவு மரமுளையைப் பசையோடு அடித்து, ஒரு நாள் காயவிட்டு, புதிதாகச் சிறு துளை இட்டு முடுக்குங்கள்.

உங்கள் அலமாரியில் நான் தொடங்குவதாக இருந்தால், அந்த நடுத்தடுப்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அது அடியிலிருந்தோ முதுகிலிருந்தோ தனியாகப் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படியானால் அதை எடுத்த பிறகு ஆறு திருகாணிகளுக்கும் நேர்வழி கிடைத்துவிடும். இல்லையென்றால் தலை கெடாத நான்கையும் ராட்செட்டால் இளக்கி முடித்துவிட்டு, கெட்ட இரண்டையும் கடைசியில் தொடுவேன், ஏனென்றால் மற்ற நான்கும் இளகியதும் பலகை சற்று அசைந்து அந்த இரண்டின் மேலுள்ள இறுக்கமும் குறையும். கீறல் விழுந்த பூச்சை இப்போது தொட வேண்டாம். எல்லாம் கழன்று பலகை வெளிச்சத்துக்கு வந்த பிறகு, நிறம் பார்த்து மெழுகுக் குச்சியால் நிரப்பிக்கொள்ளலாம்.